45 நாளில் கிடைத்த கோடிகள்!

ஐரோப்பாவிலேயே அதிகமான தடவை குண்டு வைக்கப்பட்ட ஓட்டல் என்று பெயர் வாங்கிய ஓட்டல் எது? குவிஸ் போட்டிக்கு உதவும், குறித்துக்கொள்ளுங்கள். வட அயர்லாந்தின் தலைநகரம் பெல்ஃபாஸ்டில் இருக்கும் யூரோப்பா. 1971-ல் திறந்தார்கள். அப்புறம் முப்பது தடவைக்கு மேல் குண்டுத் தாக்குதல். அந்த ஊரில் யார் நொடித்துப் போயிருந்தாலும் ஜன்னல் கண்ணாடி வியாபாரி மட்டும் நொடித்திருக்க மாட்டார்!

இன்றைக்கு அதே ஓட்டல் பக்கம் போனால் டூரிஸ்ட்டுகள் கேமராவும் கையுமாக அலைகிறார்கள். டைட்டானிக் கப்பலைக் கட்டிய ஊர் இது. அதற்காக 2012-ல் ஒரு பிரமாண்டமான கண்காட்சி திறந்து, டிக்கெட் போட்டு வசூல் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மூழ்கின கப்பலை வைத்துப் பிழைக்கத் தெரிந்த ஊர்!

நான் தேடிப் போனது மூழ்கின கப்பலை அல்ல. மூழ்கின காரை.

கலவரம் நடக்கிற ஊரில் தொழிற்சாலை வைக்கிறேன் என்று சொல்லி ஒருவர் அரசாங்கத்திடம் மானியம் கேட்டார். கொடுத்தார்கள். பெல்ஃபாஸ்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள், டன்மர்ரி என்ற இடத்தில் அந்தக் கதை நடந்தது. சண்டை பூமியில் முதலீடு செய்ய அரசாங்கப் பணம் கேட்கிறவர்களுக்கும், கொடுக்கிறவர்களுக்கும் இதைவிட நல்ல பாடப் புத்தகம் எனக்குத் தெரிந்து கிடையாது.

* * *

பெல்ஃபாஸ்டில் ஊர் சுற்ற வேண்டுமென்றால் கறுப்பு டாக்ஸி. டிரைவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஏறி உட்கார்ந்ததும், “ஒரு குட்டி ரவுண்டு போகலாமா?” என்றார். இந்த ஊரில் எல்லாமே குட்டி. கடையில் குட்டிப் பை, ஓட்டலில் குட்டிக் கையெழுத்து, ஆறு இட்லி சைஸுக்கு உருளைக்கிழங்கு ரொட்டியும் முட்டையும் வைத்துவிட்டு அதற்குப் பெயர் குட்டி டிபன். ‘வீ’ என்ற ஒரு வார்த்தையைச் சேர்க்காமல் அவர்களால் வாக்கியத்தை முடிக்கவே முடியாது.

குட்டி ரவுண்டில் முதலில் காட்டியது குட்டியாக இல்லை. இருபது அடிக்கு மேல் எழும்பி நிற்கும் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் கத்தோலிக்கர்கள், அந்தப் பக்கம் புராட்டஸ்டன்ட்டுகள். இவர்களுக்கு அயர்லாந்தோடு சேர வேண்டும், அவர்களுக்கு பிரிட்டனோடு இருக்க வேண்டும். 1960-களின் கடைசியில் ஆரம்பித்த சண்டை 1998 ஏப்ரலில் ‘புனித வெள்ளி ஒப்பந்தம்’ கையெழுத்தாகும்வரை நடந்தது. சுமார் 3,500 பேர் செத்துப்போனார்கள். சுவருக்குப் பெயர் என்ன தெரியுமா? சமாதானச் சுவர்! அதில் உள்ள சில கதவுகளை இன்னும் ராத்திரியானால் பூட்டுகிறார்கள்.

“குண்டு வெடிக்கிறது நின்னுது. பூட்டு மட்டும் நிக்கல” என்றார் டிரைவர்.

இப்படிப்பட்ட ஊரில் எவன் வந்து கம்பெனி வைப்பான்? வந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதைச் சொன்னால் புரியும். டன்மர்ரியில் ஜெர்மனியின் குருண்டிக் கம்பெனிக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. அதன் மேனேஜர் தாமஸ் நீடர்மேயரை 1973 டிசம்பரில் வீட்டிலிருந்து கடத்திக்கொண்டு போனார்கள். 1980-ல்தான் உடல் கிடைத்தது. டெர்ரி நகரத்தில் டுபான்ட் கம்பெனி நிர்வாகி ஜெஃப்ரி ஏகேட்டை 1977 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். பேப்பரில் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு எந்த முதலாளி, “பெல்ஃபாஸ்டுக்கு ஒரு டிக்கெட் போடு” என்பார்?

வேலை இல்லை. வேலை இல்லாத கை கல்லைத் தேடும். கல் எறிந்தால் ராணுவம் வரும். ராணுவம் வந்தால் முதலாளி வர மாட்டார். முதலாளி வராவிட்டால் வேலை இல்லை. செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம்.

இந்தச் சுற்றை உடைக்க அரசாங்கங்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் மானியம். “பயமா இருக்கா? பயத்துக்கு நாங்க காசு தர்றோம். வா!” கட்டடத்துக்குக் கொஞ்சம், மிஷினுக்குக் கொஞ்சம், எடுக்கும் ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். தப்பான யோசனை இல்லை. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் சங்கதி.

* * *

இப்போது கதாநாயகன் என்ட்ரி. ஜான் டிலோரியன். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் சின்ன வயதிலேயே உச்சிக்குப் போனவர். ஆறடியைத் தாண்டின உயரம், வெள்ளி முடி, மாடல் அழகி மனைவி. 1973-ல் வேலையை உதறிவிட்டு, “சொந்தமா கார் பண்ணப் போறேன்” என்றார். சாதாரணக் கார் இல்லை. பெயின்ட்டே அடிக்காத, நம்ம வீட்டுத் தட்டு டம்ளர் மாதிரி எவர்சில்வர் பாடி. பறவை சிறகு விரிக்கிற மாதிரி மேலே தூக்கித் திறக்கும் கதவு.

ஐடியா பிரமாதம். பணம்?

இங்கேதான் டிலோரியன் மன்னன். சண்டை சச்சரவோ, வறுமையோ இருக்கிற இடத்து அரசாங்கம்தான் கேட்டால் கொடுக்கும் என்று அவருக்குத் தெரியும். பியூர்டோ ரிகோ தீவு அரசாங்கத்தோடு பேசினார். அயர்லாந்துக் குடியரசின் தொழில் வளர்ச்சி அமைப்பிடம் பேசினார். அந்த அமைப்பின் ஆட்கள் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வட அயர்லாந்து.

பெல்ஃபாஸ்டில் அவருக்கு ரத்தினக் கம்பளம். அப்போது அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் மந்திரி ராய் மேசன். கலவரத்துக்கு மருந்து வேலைவாய்ப்பு என்று நம்பினவர். கத்தோலிக்க இளைஞர்கள் நிறைந்த மேற்கு பெல்ஃபாஸ்டின் ஓரத்தில் 2,000 பேருக்கு வேலை என்று டிலோரியன் சொன்னதும், ‘தேடிய மூலிகை காலில் சிக்கியது’ என்று நினைத்துவிட்டார்கள். இதில் ஆபத்து அதிகம் என்று ஆலோசகர்கள் எச்சரித்தும் காதில் ஏறவில்லை. பேச்சுவார்த்தை ஆரம்பித்துச் சுமார் 45 நாளில் ஒப்பந்தம் தயார்! 1978 ஆகஸ்டில் அறிவிப்பு.

நம்ம ஊரில் ரேஷன் கார்டில் விலாசம் மாற்றவே அதைவிட அதிக நாளாகும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இது பதறின காரியம். மானியம், கடன், பங்கு முதலீடு என்று மூன்று வழியிலும் அரசாங்கப் பணம் கொட்டியது. கடைசியில் கணக்குப் பார்த்தபோது சுமார் 7 கோடி 70 லட்சம் பவுண்டு. அந்தப் பக்கம் டிலோரியன் தரப்பில்? அமெரிக்காவில் கார் டீலர்களிடம் பங்கு விற்றார். டி.வி. நட்சத்திரம் ஜானி கார்சன் 5 லட்சம் டாலர் போட்டார். இன்னும் சில பணக்காரர்கள் போட்டார்கள். அரசாங்கம் இறக்கின தொகையோடு வைத்துப் பார்த்தால் யானைக்கும் பூனைக்கும் உள்ள வித்தியாசம். டிலோரியன் தன் சொந்தப் பையிலிருந்து எடுத்தது அதிலும் அற்பம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு ஆட்டோ வாங்க நீங்கள் பாங்க்குக்குப் போனால், “மார்ஜின் மணி எவ்வளவு போடறீங்க?” என்றுதான் முதல் கேள்வி. நாம் கொஞ்சம் நோகாவிட்டால் கடனை நினைத்துத் தூக்கம் கெடாது என்பது பாங்க் மேனேஜருக்குத் தெரியும். கார் தொழிற்சாலைக்குக் கோடிகளைக் கொடுத்தவர்கள் அந்தக் கேள்வியை அழுத்திக் கேட்கவில்லை. ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று ஆகிவிட்டது.

* * *

டாக்ஸி டன்மர்ரிக்குள் நுழைந்தது. ஒரு பக்கம் ட்வின்புரூக், கத்தோலிக்கர் குடியிருப்பு. இன்னொரு பக்கம் சீமோர் ஹில், புராட்டஸ்டன்ட் குடியிருப்பு. நடுவில் அந்தத் தொழிற்சாலை. முதலில் இது மாடு மேய்ந்த ஈர வயல். 1978 அக்டோபரில் வேலை ஆரம்பித்து, 1981 ஜனவரியில் முதல் கார் வெளியே வந்துவிட்டது. இரண்டேகால் வருஷம்! அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் அதற்கு முன் கார் தொழிற்சாலையையே பார்த்திராத பையன்கள்.

“நான் கதவு மாட்டற செக் ஷன்” என்றார் டிரைவர் சாவகாசமாக. இதை ஏறும்போதே சொல்லியிருக்கலாம்!

“அந்தச் சிறகுக் கதவா? அது ஆரம்பத்துல நிறைய மக்கர் பண்ணிச்சாமே?”

“பண்ணிச்சு. எனக்கு அப்ப இருபது வயசு. அதுக்கு முன்னாடி நான் மாட்டின ஒரே கதவு எங்க வீட்டுக் கோழிக் கூண்டுக் கதவு. ஆறு மாசத்துல கத்துக்கிட்டோம். கார்ல கோளாறுன்னா எங்களைத் திட்டுங்க. கம்பெனில கோளாறுக்கு நாங்க பொறுப்பில்ல.”

தொழிற்சாலைக்கு இரண்டு வாசல். ட்வின்புரூக் ஆட்கள் ஒன்றில், சீமோர் ஹில் ஆட்கள் இன்னொன்றில் வருவார்கள். பிரித்து வைத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. “அவங்கவங்க வீட்டுக்கு எது பக்கமோ அந்த வாசல். அவ்வளவுதான். உள்ளே வந்தா ஒரே லைன், ஒரே கேன்டீன்” என்றார் டிரைவர்.

உச்சத்தில் 2,500 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். இரண்டு மதத்துக்காரர்களும். வெளியே சுவர், உள்ளே ஒரே ஸ்பேனரை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டார்கள். மானியம் கொடுத்தவர்கள் கண்ட கனவு அதுவரைக்கும் நிஜமாகவே பலித்தது.

வெளியுலகம் சும்மா விடுமா? 1981 மே 5-ந் தேதி, சிறையில் உண்ணாவிரதம் இருந்த பாபி சாண்ட்ஸ் இறந்துபோனார். அவர் குடும்பம் இருந்தது ட்வின்புரூக்கில், தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே. அன்றைய கலவரத்தில் பெட்ரோல் குண்டுகள் வேலி தாண்டி விழுந்து, தற்காலிக ஆபீஸ் கட்டடங்கள் எரிந்தன. ஆனாலும் கார் வருவது நிற்கவில்லை.

கம்பெனியைச் சாய்த்தது பெட்ரோல் குண்டு அல்ல, கணக்கு. ஒரு காரின் விலை 25,000 டாலர். அமெரிக்காவில் அப்போது பொருளாதார மந்தம், ஆளை முழுங்கும் வட்டி. வண்டி விற்கவில்லை. விற்காத நேரத்தில் உற்பத்தியை ஏற்றினார் டிலோரியன். இறங்குமுகத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ன ஆகும்? 1982 பிப்ரவரியில் கம்பெனி திவால் அதிகாரி கைக்குப் போனது. தொழிலாளிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடிப் பார்த்தார்கள். பிரயோஜனமில்லை. அந்த அக்டோபரில் எல்லாம் முடிந்தது. மொத்தம் சுமார் 9,000 கார்.

அதே அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஓட்டலில் டிலோரியன் கைது! கொகெய்ன் பேரத்தில் பணம் புரட்டப் பார்த்தார் என்று எஃப்.பி.ஐ. வலை விரித்துப் பிடித்தது. போலீஸே ஆசை காட்டி இழுத்துவிட்டது என்று வாதாடி 1984-ல் விடுதலையானார். அது போகட்டும். காரை வடிவமைத்துத் தர லோட்டஸ் கம்பெனிக்கென்று ஒதுக்கின பணத்தில் சுமார் 1 கோடி 76 லட்சம் டாலர், பனாமாவில் பதிவான ஒரு கம்பெனி வழியாகச் சுற்றி மறைந்துபோயிருந்தது தெரியவந்தது. அதற்காக லோட்டஸின் நிதி நிர்வாகி ஃப்ரெட் புஷெல் 1992-ல் ஜெயிலுக்குப் போனார். டிலோரியன் பிரிட்டிஷ் கோர்ட் படியே ஏறாமல் 2005-ல் காலமானார்.

கார் மட்டும் சாகவில்லை. 1985-ல் வந்த ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தில் காலத்தைத் தாண்டிப் பறக்கும் கார் இதேதான். பெல்ஃபாஸ்ட் பக்கம் கல்ட்ரா என்ற ஊரில் உள்ள போக்குவரத்து மியூசியத்தில் ஒன்று பளபளவென்று நிற்கிறது. குழந்தைகள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். எவர்சில்வர் தகட்டை அழுத்தி வளைத்த ராட்சத இரும்பு டைகளில் சில எங்கே போயின தெரியுமா? அயர்லாந்தின் மேற்குக் கடலில், மீன் பண்ணை வலை அலையில் அடித்துப் போகாமல் இருக்க எடைக்கல்லாக இறக்கிவிட்டார்கள்!

* * *

சூடு பட்ட பூனை அப்புறம் என்ன செய்தது? மானியம் கொடுப்பதையே நிறுத்தவில்லை. கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டது.

1986-ல் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து ‘அயர்லாந்துக்கான சர்வதேச நிதி’ என்று ஒன்றை ஆரம்பித்தன. அமெரிக்காவும் ஐரோப்பிய சமூகமும் அதற்குப் பணம் கொடுத்தன. 1989-ல் இன்னொரு சட்டம். வேலைக்கு ஆள் எடுப்பதில் மத பாரபட்சம் காட்டக் கூடாது. எந்தச் சமூகத்தில் எத்தனை பேர் என்று முதலாளி கணக்கு வைத்து ஒப்படைக்க வேண்டும். முரண்டு பிடித்தால் அரசாங்க மானியத்துக்கும் கான்ட்ராக்டுக்கும் டாட்டா. மதத்தைச் சொல்ல விரும்பாத ஆள் என்றால் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று பார்ப்பார்கள். அந்த ஊரில் பள்ளிக்கூடம் தெரிந்தால் மதம் தெரிந்துவிடும்.

2002-ல் ‘இன்வெஸ்ட் நார்தர்ன் அயர்லாந்து’ என்ற அமைப்பு வந்தது. அங்கே மானியம் கேட்கும் முறையைக் கொஞ்சம் பாருங்கள். நம்ம ஊர் இளம் தொழிலதிபர்களுக்கும் பயன்படும்.

முதல் விஷயம், வேலையை ஆரம்பித்துவிட்டு வந்து நிற்கக் கூடாது. கடைக்கால் தோண்டியாச்சு என்றால், “நாங்க இல்லாமலே ஆரம்பிச்சுட்டீங்களே, அப்புறம் எதுக்கு எங்க காசு?” என்று கேட்பார்கள். நியாயம்தானே? முதலில் விண்ணப்பம், அப்புறம் அஸ்திவாரம்.

இரண்டாவது, மானியம் இல்லாவிட்டால் இந்தத் திட்டம் இங்கே வராது, அல்லது இவ்வளவு பெரிதாக வராது என்று நிரூபிக்க வேண்டும். எப்படியும் வரப்போகிறவனுக்கு வழிச்செலவு எதற்கு?

மூன்றாவது, உங்கள் சொந்தப் பணம் எங்கே?

நான்காவது, வேலை எத்தனை, சம்பளம் எவ்வளவு? தலை எண்ணிக்கை மட்டும் போதாது.

இதெல்லாம் சரியாக இருந்தால் ‘ஆஃபர் லெட்டர்’ கையில் வரும். அதை வைத்துக்கொண்டு நேராக பாங்க்குக்கு ஓட முடியாது. ஆளை எடு, சம்பளம் கொடு, ரசீதோடு வா, அப்புறம் பணம். நடுவில் கம்பி நீட்டினால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் ஷரத்து உண்டு. டிலோரியனுக்குக் காசு முன்னால் போனது, கார் பின்னால் வந்தது. இங்கே ஆர்டர் தலைகீழ்.

இந்தக் கதவைத் தட்டினவர்களில் நமக்குத் தெரிந்த பெயர் ஒன்றும் உண்டு. எச்.சி.எல்! தூத்துக்குடி மாவட்டத்து மூலைப்பொழியில் பிறந்த ஷிவ் நாடார் ஆரம்பித்த கம்பெனி. 2001-ல் பெல்ஃபாஸ்டில் பிரிட்டிஷ் டெலிகாமின் அப்போலோ கால்சென்டரில் பெரும்பங்கை வாங்கியது. பிறகு அரசாங்க உதவியோடு ஆர்மா என்ற ஊருக்கும் விரிந்தது. வெள்ளைக்காரன் வேலையெல்லாம் இந்தியாவுக்கு ஓடுகிறது என்று லண்டன் பேப்பர்கள் புலம்பிக்கொண்டிருந்த காலத்தில், இந்தியக் கம்பெனி போய் அயர்லாந்துப் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தது. பிரமாண்ட கனவு ஏதும் இல்லை. நாற்காலி, ஹெட்போன், மாதச் சம்பளம்.

மற்ற நாடுகளிலும் இந்த வைத்தியம் நடந்திருக்கிறது. நெதர்லாந்து 2009-ல் தொடங்கிய ‘பி.எஸ்.ஐ.’ திட்டத்தில், உள்ளூர்ப் பங்காளியோடு சேர்ந்து தொழில் தொடங்கினவருக்கு முதலீட்டில் பாதி மானியமாகக் கிடைத்தது. ஆப்கானிஸ்தான் மாதிரி யுத்தத்தில் நொறுங்கின நாடு என்றால் 60 சதவீதம். மீதி 40? அவரவர்தான் போட வேண்டியிருந்தது. சண்டையால் முதலீடு நாசமானால் ஈடுகட்ட, உலக வங்கிக் குடும்பத்தில் ‘மிகா’ என்ற இன்ஷூரன்ஸ் அமைப்பு 1988 முதல் இருக்கிறது. அது இலவசம் இல்லை, பிரீமியம் கட்ட வேண்டும். கவனித்தீர்களா? உருப்படியான திட்டம் எதுவாக இருந்தாலும் கேட்கிறவன் கையையும் கொஞ்சம் சுடவைக்கிறது.

* * *

மானியம் கொடுத்தது முட்டாள்தனமா? டன்மர்ரியில் நின்று பார்த்தால் அப்படிச் சட்டென்று சொல்ல மனசு வரவில்லை. காலியான அதே இடத்துக்கு 1989-ல் மான்ட்டுபெட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி வந்தது. அதற்கும் மானியம் உண்டு. சிறகுக் கதவு கிடையாது, சினிமா கிடையாது, ஜானி கார்சன் கிடையாது. கார் எஞ்சினுக்கு அலுமினிய ஹெட் வார்க்கிற கரிப்பிடித்த வேலை. அதை வருஷக்கணக்கில் ஓட்டி, 2016-ல் கனடாவின் லினமார் கம்பெனிக்குக் கைமாற்றியது. அதைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. இளைஞர்கள் காலையில் வேலைக்குப் போனார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள்.

சண்டை பூமியில் இருக்கிறவர்களுக்குத் தொழிற்சாலை என்றால் சம்பளம் மட்டும் இல்லை. ‘நம்மையும் ஒருத்தன் நம்பி வந்தானே’ என்ற தெம்பு. அதனால்தான் அங்கே போய் ஏமாற்றுவது மற்ற இடத்தில் ஏமாற்றுவதைவிடப் பெரிய பாவம். கோடிக்கணக்கான பவுண்டு போனது அரசாங்கத்துக்கு. அதில் ஒரு பகுதியை ஆடிட்டர்கள் மேல் கேஸ் போட்டு 1997-ல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இருபது வயசில் வேலை கிடைத்து, இருபத்திரண்டில் பறிகொடுத்தவர்கள் யார் மேல் கேஸ் போடுவது?

டிரைவரிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். “டிலோரியன் மேல கோபம் இல்லையா?”

வைப்பர் இரண்டு தடவை போய்வரும்வரை யோசித்தார்.

“அந்த ஆளுக்கு 45 நாள்ல எல்லாம் குடுத்தாங்க. எனக்கு அந்த வேலை குடுக்க மூணு இன்டர்வியூ வெச்சாங்க. அதுலயே தெரிஞ்சிருக்க வேண்டாமா?”